முன்னால் நடந்தவர்

வருஷத்துக்கு ஒரு முறையாவது நான் இரவிகுளத்துக்குப் போய்விட்டு வருவது எங்கள் வீட்டில் ஒரு தீராத வழக்கு. "அங்கே அப்படி என்னதான் இருக்கிறது? அதே மலை, அதே ஆடு, அதே மூடுபனி. போன வருஷம் பிடித்த படத்தையே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தால் பஸ் சார்ஜாவது மிஞ்சுமே!" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற அவளைப் பார்த்து, போன வாரம் பார்த்த அம்மன்தானே என்று நானும் கேட்கலாம். கேட்டதில்லை. அதற்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதுரையில் விடியற்காலையில் பஸ் ஏறினால் தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை என்று வளைந்து வளைந்து ஏறி, பிற்பகலுக்குள் மூணாறு போய்ச் சேர்ந்துவிடலாம். மூணாற்றிலிருந்து மறையூர் ரோட்டில் சில மைல் போனால் பூங்காவின் வாசல் வருகிறது. அங்கே டிக்கட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றால் வன இலாகா பஸ்ஸில் ராஜமலைக்கு அழைத்துப் போகிறார்கள். சாதாரண யாத்திரிகருக்கு ராஜமலையோடு சரி. பஸ்ஸை விட்டு இறங்கி, போட்டிருக்கும் பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, வரையாட்டைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு, குளிரில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வரையாடு குட்டி போடும் பருவத்தில், பிப்ரவரி, மார்ச் மாதங்களில், அதுவும் கிடையாது, வாசலை மூடிவிடுவார்கள்.

ராஜமலைக்கு அப்பால் கிடக்கிறது உண்மையான இரவிகுளம். பூங்காவின் மொத்தப் பரப்பு 97 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி, கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே அலை அலையாக உருண்டு கிடக்கும் புல்வெளி. மலை மடிப்புகளில், தண்ணீர் ஓடும் பள்ளங்களில் மட்டும் இருண்ட சோலைகள். தெற்கே ஆனைமுடி நிற்கிறது. 2,695 மீட்டர், பழைய கணக்கில் 8,842 அடி. தென்னிந்தியாவில் இதை விட உயர்ந்த சிகரம் இல்லை. இந்த உட்பகுதிக்குள் போக வேண்டுமானால் மனுப் போட்டு, பணம் கட்டி, அனுமதிக் கடிதத்துக்குக் காத்திருந்து, இலாகா அனுப்பும் வாட்சரோடுதான் போகலாம். காமிராவுக்குத் தனியாகக் கட்டணம் உண்டு. கதை எழுதிச் சம்பாதித்த பணம் எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், கொஞ்சம் இந்த ரசீதுகளில் இருக்கிறது என்று சொல்லலாம்.

நான் சினிமாக்காரன் அல்ல. கல்லூரியில் பாதிப் படிப்போடு நின்று, கதை எழுதிப் பிழைப்பவன். 2006-இல் ஒரு சிநேகிதர் தம்முடைய பழைய வீடியோ காமிராவை எனக்குத் தள்ளிவிட்டார். காஸெட் போடுகிற ஜாதி. அந்த வருஷம் குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மலை முழுவதும் ஒன்றாகப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டு, ஒன்றாகவே மாண்டு போகும் செடி. நம்முடைய பழந்தமிழ்ப் புலவர்கள் மலைநிலத்துக்கே அதன் பெயரை வைத்தார்கள். அதைப் படம் பிடிப்பதற்காகப் போனேன். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்தது பூவினாலோ ஆட்டினாலோ அல்ல. ஒரு பெண் கேட்ட கேள்வியினால். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

*

ஆனைமுடியின் உச்சியில் முதன் முதலாகக் கால் வைத்தவர் யார்? இதற்கு ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னைப் பட்டாளத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன். தேதி 1862 மே 4. மனுஷர் சாமானியப்பட்டவர் அல்ல. பெரிய வேட்டைக்காரர், அதோடு சித்திரம் வரையத் தெரிந்தவர். இந்தப் பக்கத்து மலைகளையெல்லாம் சுற்றி, பார்த்ததை வரைந்து வைத்தவர். பிற்பாடு ஜெனரல் ஆனார். உச்சிக்குப் போனார், தேதியைக் குறித்தார், சரித்திரத்தில் ஏறிவிட்டார்.

ஆனால் ஆனைமுடியை அடிவாரத்திலிருந்து பார்த்தவர்கள் ஒரு விஷயத்தைச் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பக்கத்தில் வழி தெரிந்த ஒருவன் முன்னால் நடக்காமல் புது ஆள் யாரும் அங்கே போய்ச் சேர முடியாது. கோரைப் புல் இடுப்பளவு நிற்கும். அதற்குள் காட்டெருமைத் தடம் எது, பள்ளம் எது என்று தெரியாது. பத்து நிமிஷத்தில் மூடுபனி வந்து கண்ணைக் கட்டிவிடும். ஹாமில்டனுக்கு முன்னால் யாரோ நடந்திருக்க வேண்டும். அந்த யாரோ, உச்சிக்கும் ஓர் அடி முன்னதாகவே போயிருக்கலாம். அவனோ, அவன் தகப்பனோ அதற்கு முன்னாலேயே பல தடவை தேன் தேடியோ, ஆடு தேடியோ ஏறியிருக்கவும் கூடும். அவர்கள் தேதி குறிக்கவில்லை. ஆகவே அது 'பதிவான' ஏற்றம் ஆகவில்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஒன்றும் மூணாற்றில் உண்டு. பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி, 1790-இல் திப்பு சுல்தானின் படையை மறிப்பதற்காக இந்த மலை வழியாக வந்தார் என்று சொல்லுகிறார்கள். மலைத்தொடரின் சரித்திரத்தில் அதை அச்சிட்டும் இருக்கிறார்கள். வெல்லெஸ்லி இந்தியாவில் கால் வைத்ததே 1797-இல். வராத துரைக்கு நம் சரித்திரத்தில் ஆசனம் போட்டாயிற்று. வழி காட்டிய ஆளுக்கு நிற்க இடம் இல்லை.

அப்புறம் வந்தவர் ஜான் டேனியல் மன்றோ. திருவாங்கூர் ஸமஸ்தானத்தின் ஏலமலைக்கு அதிகாரியாக இருந்தவர். வேட்டைக்கு வந்த இடத்தில் மண்ணைப் பார்த்தார். 1877-இல் பூஞ்சாறு ராஜாவிடமிருந்து 1,37,000 ஏக்கருக்கு மேற்பட்ட மலையைக் குத்தகைக்கு வாங்கிவிட்டார். அந்த ராஜ வம்சத்தார் தங்களைப் பாண்டியர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். மதுரையை விட்டு வந்த ஒரு குடும்பம், மதுரையை விட்டு வந்த இன்னொரு கூட்டம் வாழ்ந்துகொண்டிருந்த மலையை, ஒரு வெள்ளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தது. அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றி இதோ சொல்லப் போகிறேன்.

1879-இல் தோட்டக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். காபி போட்டுப் பார்த்தார்கள், சின்கோனா போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டது. கண்ணன் தேவன் யார் என்கிறீர்களா? இந்த மலைப்பக்கத்தில் வாழ்ந்த ஒரு தலைவன், அவன் பெயரால்தான் மலைக்குப் பெயர் என்கிறார்கள். முதலில் வந்த துரைமார்களுக்கு வழி காட்டியவன் அவனே என்றும் கதை உண்டு. மலைக்காரர்களில் பெயர் தப்பிப் பிழைத்தது அவன் ஒருவனுக்குத்தான். அதுவும் தேயிலைப் பொட்டலத்தின் மேல்! தினந்தோறும் காலையில் லட்சக்கணக்கான வீடுகளில் அவன் பெயர் கொதிக்கிறது.

சரி, வரையாட்டின் கதைக்கு வருவோம். வரையாடு உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாகக் கிடக்கும் மேற்குமலைத் தொடரின் உச்சிகளில் மட்டுந்தான் உண்டு. சங்கப் பாட்டுக்களில் வருடை என்று வருவது இதுவே. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். வயது முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டது போல நரைத்திருக்கும். ஆடு என்று பெயர் சொன்னாலும் வெள்ளாட்டைக் காட்டிலும் செம்மறிக்குத்தான் நெருங்கிய உறவு என்று 2005-இல் ரத்தக் கலப்பைச் சோதித்து முடிவு கட்டி, தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். மற்ற மலைகளிலெல்லாம் வேட்டையிலும், தோட்டங்களிலும், யூக்கலிப்டஸ் காடுகளிலும் இந்த ஆடு அருகிப் போன காலத்தில், இரவிகுளத்தில் மட்டும் மந்தை மந்தையாக நின்றது. காரணம் என்ன தெரியுமா? வேட்டைக்காரர்கள்!

இரவிகுளத்துப் புல்வெளி தேயிலைக்குத் தோதுப்படவில்லை. உயரம் அதிகம், பனி அதிகம். ஆகவே தோட்டத் துரைமார்கள் அதைத் தங்கள் விளையாட்டு மைதானமாக வைத்துக்கொண்டார்கள். ஓடையில் சீமையிலிருந்து கொண்டுவந்த ட்ரவுட் மீனை விட்டார்கள். தூண்டில் போடுவதற்கு ஒரு குடிசை கட்டினார்கள். 1928-இல் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் வைத்து, யார் சுடலாம், எப்போது சுடலாம், எத்தனை சுடலாம் என்று விதி செய்தார்கள். மற்றவர்கள் சுடக்கூடாது என்பதுதான் அதில் முக்கியமான விதி. சுயநலந்தான், ஆனால் அந்தச் சுயநலத்தின் நிழலில் ஆடு பிழைத்தது. 1971-இல் கேரள ஸர்க்கார் சட்டம் செய்து நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1975-இல் இரவிகுளம் சரணாலயம் ஆயிற்று. 1978-இல் தேசியப் பூங்கா, கேரளத்திலேயே முதலாவது. 2025-இல் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து எண்ணியபோது வரையாட்டின் மொத்தத் தொகை 2,668. அதில் 800-க்கு மேல் இந்த ஒரு பூங்காவில்.

இதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். துரைமார் காப்பாற்றினார்கள், பிறகு ஸர்க்கார் காப்பாற்றியது என்று முடிப்பார்கள். துரை மாதத்துக்கு ஒரு தடவை தூண்டிலோடு வந்து போனான். உத்தியோகஸ்தர் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாறிப் போனார். மீதி நாளெல்லாம் அந்தக் குளிரில், அந்தக் காற்றில், காவல் இருந்தது யார்? பனிக்காலத்தில் முற்றிய புல்லைப் பகுதி பகுதியாக எரித்து, பெருந்தீ பரவாமல் தடுத்து, மந்தைக்கு இளம்புல் முளைக்க வைத்தது யார்? கண்ணி வைக்க வந்தவனை விரட்டியது யார்? முதுவர்கள். சங்கம் இருந்தபோது அதற்கு வாட்சர். இலாகா வந்த பிறகு அதற்கு வாட்சர். எஜமான் மாறினான், காவல்காரன் மாறவில்லை.

*

2006-இல் எனக்கு முன்னால் நடப்பதற்கென்று வந்து நின்றவர் ஒரு முதுவர். அறுபது வயது இருக்கும். தலையில் துண்டைச் சுற்றி, பழைய கம்பளிச் சட்டை, கையில் ஒரு கம்பு. அவர் தகப்பனார் சங்கத்தின் வாட்சராக இருந்தவர். இவரும் பையனாக இருந்தபோதே தகப்பனாரோடு துரைமார்களின் சாப்பாட்டுக் கூடையைச் சுமந்து நடந்திருக்கிறார்.

"எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார்.

"மதுரை."

"அப்படியா? நாங்களும் மதுரைதான்" என்றார், பக்கத்துத் தெருக்காரரைச் சந்தித்த மாதிரி.

"எப்போ இங்கே வந்தீங்க?"

"மீனாட்சியைத் தூக்கிக்கிட்டு வந்தோமே, அப்போ."

எனக்குச் சிறிது நேரம் புரியவில்லை. மதுரையில் கலகம் வந்த காலத்தில், அம்மனையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறினார்களாம். முதுகில் சுமந்ததால் முதுவர். இது அவர்கள் குலக்கதை. எந்த நூற்றாண்டு என்று சரித்திர ஆசிரியர்கள் முட்டிக்கொள்ளட்டும். அவருக்கு அது போன மாசத்துச் சங்கதி போல இருந்தது. வயதைக் கேட்டபோது, "நினைவு தெரிஞ்சு இது அஞ்சாவது குறிஞ்சி" என்றார். 1958, 1970, 1982, 1994, 2006 என்று நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அன்று தொடங்கி 2018 வரையில் எத்தனையோ தடவை அவர் பின்னால் நடந்திருக்கிறேன். பூங்காவை இரண்டாக வகிர்ந்துகொண்டு ஓடும் டர்னர் பள்ளத்தாக்கில், கிழக்கேயிருந்து பனி வருவது எனக்குத் தெரியும் முன்னால் அவருக்குத் தெரியும். "உக்காருங்க" என்பார். உட்கார்ந்த பிறகுதான் உலகம் வெளுத்து மறையும். ஒரு தடவை நான் பிடிவாதமாக நின்று காமிராவைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். பனி கலைந்தபோது என் காலுக்கு நாலு அடி முன்னால் தரை இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் சட்டையின் பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை அப்புறந்தான் கவனித்தேன்.

ராஜமலை ஆடுகள் மனுஷனுக்குப் பயப்படுவதில்லை. தோட்டத் துரைமார் காலத்தில் உப்பு வைத்துப் பழக்கிய மந்தையின் வம்சம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நடுவில் நின்று அசை போடும். உள்ளே இருக்கிற மந்தைகள் அப்படி அல்ல. பாறை விளிம்பை விட்டு அதிக தூரம் வராது. செந்நாயோ சிறுத்தையோ தென்பட்டால் சீழ்க்கை போல ஒரு சத்தம். மறு கணம் மந்தை முழுவதும் செங்குத்தான பாறையில் இருக்கும். மந்தை மேயும்போது ஒரு கிழப் பெட்டை மட்டும் மேயாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அவளை ஏமாற்றுவதுதான் எங்கள் வேலை. பெரியவர் புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்ப்பார். மோவாயை அசைத்துத் திசை காட்டுவார். விரலை நீட்ட மாட்டார். நான் வயிற்றால் ஊர்ந்து போவேன். அவர் காதோரம் கிசுகிசுப்பார்: "அசையாதீங்க. கிழவி பார்த்துட்டா... இப்போ தலையைத் திருப்பினா. போங்க."

என்னுடைய ஆசையெல்லாம் மனுஷ வாடையே இல்லாத மலையைப் படம் பிடிக்க வேண்டும் என்பது. படைத்தவன் கையை எடுத்தவுடன் இருந்தது போல ஒரு மலை. ஆகவே காமிராவின் கண்ணுக்கு முன்னால் பெரியவர் வந்தால், "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க ஐயா" என்பேன். முதல் வருஷம் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். இரண்டாம் வருஷம் சொல்லத் தேவை இல்லாமற் போயிற்று. நான் காமிராவைத் தூக்கினாலே போதும். அவர் பாதையை விட்டு இறங்கி, புல்லுக்குள் குந்திக்கொள்வார். படம் பிடித்து முடிந்ததும் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, மறுபடி முன்னால் நடப்பார். எவ்வளவு ஒத்தாசையான மனுஷர் என்று நான் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டக் குடியிருப்புக்கும் ஒரு தடவை என்னை அழைத்துப் போனார். பள்ளத்தாக்கின் அழகு சொல்லி முடியாது. ஆனால் நடுவில் வரிசையாகத் தொழிலாளர் லயங்கள், தகரக் கூரை, கொடியில் காயும் துணி, பிள்ளைகள். காட்சிக்குக் கறை மாதிரி எனக்குப் பட்டது. காமிராவை இரண்டு அங்குலம் மேலே தூக்கினேன். லயங்கள் மறைந்தன, மலையும் மேகமும் மட்டும் நின்றன. படம் பிரமாதமாக வந்தது. லயத்து வாசலில் நின்ற ஓர் அம்மாள் எங்கள் இருவருக்கும் கட்டன் சாயா கொடுத்தாள். கயத்தாறுப் பக்கத்துப் பேச்சு.

2018-இல் மறுபடி குறிஞ்சி. அந்த ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் மிதந்தது. மூணாற்று ரோடுகள் அறுந்தன. பெரியவரைப் பாலம் போய்விட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது மழையில் அடிபட்ட பூதான் பாக்கி. "ஆறாவது" என்றார் பெரியவர். ஏழாவதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. 2019-இல் அவர் காலமானார் என்று இலாகா ஊழியர் ஒருவர் போனில் சொன்னார்.

அடுத்த வருஷம், 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் மண்ணும் பாறையும் இறங்கின. 70 பேர் போய்விட்டார்கள். 66 சடலங்கள் கிடைத்தன. நாலு பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள். செய்தியைப் படித்துவிட்டு அந்தப் பழைய காஸெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மலை இருந்தது. மேகம் இருந்தது. நான் எதைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தப் படத்தைப் பிடித்தேனோ, அது உலகத்திலேயே இல்லை. சாயா கொடுத்த அம்மாள் அன்று அங்கே இருந்தாளா, வேறு எங்காவது போயிருந்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

*

2021-இல் ஒரு நாள் டெலிபோன் வந்தது. பெரியவரின் பேத்தி. கல்லூரியில் படிக்கிறவள்.

"சார், நீங்க வருஷா வருஷம் தாத்தாவோட போய்ப் படம் பிடிப்பீங்களாமே. வீட்டில தாத்தா படம் ஒண்ணும் இல்லை. ஆதார் கார்டில இருக்கிறது ஒண்ணுதான். அது தாத்தா மாதிரியே இல்லை. உங்ககிட்ட நல்லதா ஒண்ணு இருக்குமில்லையா?"

"ஓ, எத்தனையோ இருக்கும் அம்மா! தேடி எடுத்துக் கொண்டு வருகிறேன்" என்றேன்.

அன்று இரவு உட்கார்ந்தேன். பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு. முதலில் காஸெட், பிறகு அட்டை. ஒன்பது இரவுகள் பார்த்தேன். ஆனைமுடி இருக்கிறது, எல்லா வேளையிலும் எல்லா வெளிச்சத்திலும். கிழவி இருக்கிறாள். வெள்ளிச் சேணத்துக் கிடாக்கள் கொம்போடு கொம்பு மோதுகின்றன. குறிஞ்சி இரண்டு தடவை பூக்கிறது. பெரியவர் இல்லை. ஓர் இடத்தில் கம்பின் நுனி. ஓர் இடத்தில் புல்லின் மேல் ஒரு தலைப்பாகையின் நிழல். இன்னோர் இடத்தில் காமிராவை நான் அவசரமாகத் திருப்பும்போது பாதையை விட்டு இறங்குகிற ஒரு கால். முகம் எங்கும் இல்லை. அவ்வளவு ஒழுங்காக ஒதுங்கியிருக்கிறார்.

ஹாமில்டனை நினைத்துக்கொண்டேன். அவரைக் கேலி செய்ய எனக்கு என்ன யோக்கியதை? அவராவது ஒரே ஒரு நாள் ஏறினார். நான் பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டு, அந்த முதுகைக்கூட மிச்சம் வைக்கவில்லை. 1862-இல் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது லேசான காரியம் இல்லை. என் கையில் இருந்ததே!

ஒன்பதாம் இரவில்தான் ஒன்று தோன்றியது. ஊரில் சிநேகிதர்களுக்கும் பள்ளிக்கூடங்களிலும் போட்டுக் காட்டுவதற்காக நான் தயாரித்த படங்களில் அசல் சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் சேர்த்திருந்தேன். அசல் நாடாக்களைச் சத்தம் வைத்துக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. காது வைத்துக் கேட்டேன். காற்று. காற்றுக்கு அடியில் அவர் குரல். "அசையாதீங்க. கிழவி பார்த்துட்டா." இன்னொரு நாடாவில், "பனி வருது, உக்காருங்க." இன்னொன்றில் இருமல், வெற்றிலை இடிக்கிற சத்தம், தனக்குள்ளே ஏதோ முனகிப் பாடுகிற சத்தம். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தேன். நாற்பது நிமிஷத்துக்கு மேல் வந்தது.

மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். படம் இல்லை என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் முகம் சற்று வாடிற்று. உடனே, "பரவாயில்லை சார்" என்றாள். காதில் மாட்டிக்கொண்டு கேட்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். "தாத்தாவேதான்! ஆட்டைக்கூடக் கிழவி என்றுதான் சொல்வார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி கேட்டாள்.

"பத்திரிகையில் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதுங்க சார். பேரு மட்டும் போட வேண்டாம். நாளைக்கு யாராவது தேடிக்கிட்டு வருவாங்க, வீட்டைப் படம் பிடிக்கணும் என்று" என்றாள். அதனால்தான் இவ்வளவு நேரமும் பெரியவர் என்றே எழுதிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஓர் இடத்தை இரண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

"இதில அடிக்கடி ஒருத்தர், 'ஒதுங்கிக்குங்க ஐயா, ஒதுங்கிக்குங்க' என்று சொல்லிக்கிட்டே இருக்காரே. அது யாரு சார்?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ராஜமலை பஸ்ஸுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

"நான்தான் அம்மா" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாத்தாவைப் போலவே.

இப்போதும் வருஷத்துக்கு ஒரு முறை போய்க்கொண்டுதான் இருக்கிறேன். 2030-இல் மறுபடி குறிஞ்சி பூக்க வேண்டும். முன்னால் நடப்பதற்கு இப்போது வேறு ஓர் ஆள் வருகிறார், இளைஞர். நான் காமிராவைத் தூக்கினால் அவரும் தாமாகவே பாதையை விட்டு இறங்கப் பார்க்கிறார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ! "ஒதுங்க வேண்டாம், நடங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் அவருக்குப் பழக்கமாகவில்லை.